டுபுடுபு அண்ணாச்சியின் மூக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கியவன் நான். பேனாவை எடுப்பேன், சுவாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். இன்று அவன்மேல் பாரத்தைப் போட்டுச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் எல்லோரும் மோட்டார் சைக்கிளைக் கையால் ஓட்டினார்கள். மூக்கால் ஓட்டியவர் தென்காசி டுபுடுபு அண்ணாச்சி ஒருவர்தான்.

யுத்தத்துக்கு முந்தின காலம். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. ரதவீதியில் அது வந்தால் பசு கயிற்றை அறுக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நிற்கும். அண்ணாச்சிக்கு அது வண்டியில்லை, "இவ".

ஐப்பசி மழை தொடங்கியதும் "இவளை" மாட்டுத் தொழுவத்தில் ஏற்றி, கம்பளி போர்த்தி, குளிர் அண்டாமல் சாம்பிராணி போடுவார். பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பு! அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, குடம் தண்ணீரோடு காவல் நிற்பாள்.

தை பிறந்ததும் வைத்தியம் ஆரம்பமாகும். டாங்கியிலிருந்து பழைய பெட்ரோலைக் கிண்ணத்தில் இறக்கி, கஷாயம் பார்க்கிற வைத்தியர் மாதிரி மோந்து பார்ப்பார். "இது மழையில கெழடு தட்டிட்டுவே. புதுசு ஊத்தணும்." பெட்ரோல் போகிற சிறு குழாய்களைக் கழற்றி வாயால் ஊதுவார். அன்றைக்கெல்லாம் மதினி அவரை அடுப்படிக்குள் விடமாட்டாள். "அங்கனயே நில்லுங்க, பத்திக்கிடும்!"

அந்தத் தை மாதத்தில்தான் என் தங்கைக்குக் குற்றாலம் கோயிலில் கல்யாணம். வீட்டார் எல்லோரும், கூடவே மதினியும், முதல் நாளே போய்விட்டார்கள். தாலியைத் தென்காசியில் உலகம்மன் பாதத்தில் வைத்து வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வந்து சேருவது என் பொறுப்பு. வாங்கியாயிற்று. வெளியே வந்தால், பேசி வைத்திருந்த ஜட்காவைக் காணோம். முகூர்த்தமோ நெருங்குகிறது. கையில் தாலித் தட்டோடு வீதியில் நின்று முழித்தேன்.

டுபுடுபு என்று சத்தம். அண்ணாச்சி!

"என்னவே, திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி முழிக்கீரு? ஏறும்!"

"ஓடுமா அண்ணாச்சி?"

"நேத்துத்தான் வைத்தியம் முடிஞ்சுது. பறப்பா பாரும்."

பறந்தாள். ஊர் எல்லைப் பிள்ளையார் கோயில் வரை பறந்தாள். அப்புறம் இருமினாள், விக்கினாள், நின்றாள்.

அண்ணாச்சி உதைத்தார், உதைத்தார், வேர்த்தார். நான் கண்ணை மூடி, "பிள்ளையாரப்பா, ஒரு தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டினேன். அவர் டாங்கி மூடியை விளிம்பைப் பிடித்துப் பக்குவமாகத் திருகினார். உஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. குனிந்து மோந்தார். "நல்லாத்தான இருக்கு!" மூடிவிட்டு உதைத்தார். கிளம்பிவிட்டது!

"என் வேண்டுதல்" என்றேன்.

"போம்வே. மோந்து பாக்காம இவ நகரமாட்டா. மூணு மாசம் ஓட்டலைன்னு ஏக்கம்."

கொஞ்ச தூரத்தில் மறுபடி விக்கல். எதிரே சாஸ்தா கோயில். நான் ஒரு தேங்காய் வேண்டினேன், அவர் மோந்தார், கிளம்பியது. அடுத்து ஒரு அம்மன். அங்கே பொங்கலே வேண்டிக்கொண்டேன். அவர் மோந்தார், கிளம்பியது. இப்படியே போனால் அந்தச் சாலையில் நான் கடன்படாத தெய்வம் இருக்காது என்று பயம் வந்துவிட்டது.

குற்றாலத்து அருவி இரைச்சல் காதில் விழுகிற இடத்தில் வண்டி கடைசியாக நின்றது. சுற்றிலும் தென்னந்தோப்பு; கண்ணுக்கெட்டிய வரை ஒரு கோயில் இல்லை. அருவியோடு சேர்ந்து நாகசுரமும் கேட்டது.

"அண்ணாச்சி, மோந்து பாருங்க!"

"முடியாதுவே. மூக்கெல்லாம் பெட்ரோல் ஏறி ஒரு வாசமும் தெரியல. நீரு பாரும்."

தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மூடி மேலேயே மூக்கை வைத்தேன்.

"அண்ணாச்சி… சந்தனம் மணக்குது."

"ஆயுத பூசைக்கு வச்சது. மழையெல்லாம் தாங்கி அப்படியே இருக்கு பாத்தீரா? அதுக்குத்தான் விளிம்பைப் பிடிச்சுத் தொறக்கேன்" என்று பெருமையாகச் சொன்னவர், திடீரென்று வாயைப் பிளந்தார். "ஐயையோ! அங்கனதான்வே இவ மூச்சு விடுத ஓட்டை!"

மூடி நடுவில் ஊசித் துளை. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அண்ணாச்சி அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, அது காய்ந்து கல்லாகிவிட்டது. மோந்து பார்க்க மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று புகுந்திருக்கிறது, ஓடியிருக்கிறது.

வேலியில் ஒரு உடைமுள்ளை ஒடித்தார். ஆனால் குத்தவில்லை.

"சாமிக்கு வச்ச சந்தனம்வே. நல்ல நாளும் அதுவுமா சொரண்டலாமா?"

"சொரண்டி நெத்தியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பிரசாதம்தான!"

அவர் முகம் மலர்ந்தது. ஒரு துணுக்குக்கூடக் கீழே சிந்தாமல் சுரண்டி எடுத்து, எச்சில் படாமல் பெட்ரோலைத் தொட்டுக் குழைத்து, தன் நெற்றியில் ஒன்று, என் நெற்றியில் ஒன்று. எரிச்சலில் இருவருக்கும் கண்ணில் தண்ணீர். வண்டி அப்புறம் நிற்கவில்லை.

அதுதான் அடுத்த சங்கடம். கோயில் வாசலில் நாங்கள் போட்ட டுபுடுபு சத்தத்தைக் கெட்டி மேளம் என்று நினைத்துவிட்டது கூட்டம். தாலி வருவதற்கு முன்பே அட்சதை பறந்தது. முக்கால்வாசி அண்ணாச்சி தலையில் விழுந்தது. மதினி சொன்னாள்: "இவுக வண்டியைக் கட்டிக்கிட்டது ஊருக்கே தெரிஞ்சிட்டு!"

சரியான முகூர்த்தத்தில் தங்கை கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் அண்ணாச்சி என் காதோரம் வந்தார்.

"நான் இருக்குத வரை இதை வெளியில சொல்லாதீரும். என்னையச் சிரிச்சாச் சிரிக்கட்டும். சந்தனம் வச்சதால வண்டி நின்னுச்சுன்னு சாமியைச் சிரிப்பானுவவே."

அதனால்தான் இத்தனை வருஷத் தயக்கம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முதலில் முள்ளால் துளையைக் குத்திவிட்டு, அதற்குப் பக்கத்தில் தள்ளிப் பொட்டு வைத்தார். இப்போது அண்ணாச்சியும் இல்லை, "இவளும்" இல்லை. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது இன்றும் லேசாகப் பெட்ரோல் வாடை வருகிறது என்கிறாள் என் தங்கை.

இதைப் படித்தவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதானால், இப்படியே சொல்லுங்கள். சந்தனம் வண்டியை நிறுத்தியது என்று முடித்துவிடாதீர்கள். தனக்குப் பிரியமானதன் உச்சந்தலையில் ஒரு மனிதர் சந்தனம் வைத்தார். கொஞ்சம் அதிகமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான்.