சர்வரிடமே கேட்டேன்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்ததற்கு மன்னித்துவிடுங்கள். அதுவும் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப்போகிறேன். அதற்கு இன்னொரு தடவை மன்னியுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தனசேகர் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டான். மாங்காட்டில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அவன்தான் தாய்மாமன், அவன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். முதலாளி யோசித்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். (இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.)

பொறுப்பு வந்ததும் பக்தியும் வந்தது. பில் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தி சாத்தினேன். பூவுக்கு இடைஞ்சலாக ஒரு நீல ஒயர். உருவி அழகாகச் சுருட்டி வைத்தேன்.

சற்று நேரத்தில் பில்லிங் நின்றுபோனது. பில் இல்லாமல் லாரி கிளம்பாது. தனசேகருக்குப் போன் செய்தேன். பில்லிங் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால், டேட்டாபேஸ் சர்வர் இணைப்பை ஏற்கிறதா இல்லையா என்று பதில் வரும் என்றான்.

அங்கே நான்கு பெண்கள். ஒருவரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்வர் அறையில் யாருமில்லை. அங்கேயே, சர்வரிலேயே அடித்தேன்.

"ஏத்துக்குதுன்னு சொல்லுது தம்பி."

"அப்ப பில்லு ஏன் வரல?"

"தெரியல. இது நல்லாத்தான் கீது."

அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். சர்வரும் ஒவ்வொரு தடவையும் சத்தியம் செய்தது. நான் பில்லிங் பெண்களைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். கடைசியில் முதலாளியே போனை வாங்கிப் பேச, பட்டு வேட்டியோடு பைக்கில் வந்து இறங்கினான் தனசேகர். குழந்தைக்கு ஒரு காதுதான் குத்தியிருந்தது. மறு காதுக்காக ஆசாரி மாங்காட்டில் காத்திருந்தார்.

பூவை விலக்கினான். ஒயரைச் சொருகினான். பில் ஓடியது.

"எங்கேர்ந்து பாத்தே அண்ணாத்தே?"

"இங்கேர்ந்துதான்."

"ஊட்டுக்குள்ள குந்திகினு, ஊட்ல யாராச்சும் கீறீங்களான்னு கேட்டா, இல்லன்னா சொல்லும்?"

அந்தக் குழந்தையின் இரண்டாவது காது ராகுகாலம் முடிந்த பிறகுதான் குத்தப்பட்டது. என் வீட்டிலோ, போர்வைக்குள்ளிருந்து "எழுந்துட்டேன்" என்று நான் சொன்னால் என் மனைவி இன்றைக்கும், "அது சர்வர் சொல்றது. வெளிய வந்து சொல்லு" என்பாள்.

மறுநாள் சர்வர் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். கொண்டுபோன பூவைப் பூட்டில் சுற்றிவிட்டு ஸ்டோருக்குப் போனேன்.