ரஸ்க் போட்ட கோழியும் மாமனாரின் சபதமும்

மீன் பிடிக்கிறவருக்கு மீன் குழம்பு வைத்துப் போடுவதைவிடப் பெரிய வம்பு வேறெதுவும் இல்லை. மாடிப்படி ஏறும்போதே, அது எப்போது கரையேறியது, எவ்வளவு நேரம் ஐஸில் கிடந்தது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். என் மாமனார் வீராம்பட்டினத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவர். அதனால் அவருக்கு முதல் விருந்து வைக்கும் நாள் வந்தபோது, மீன் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதுவரைக்கும் நான் புத்திசாலிதான். (அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தப் புத்தி பொறுப்பில்லை.)

எங்களுடையது காதல் கல்யாணம். நான் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கலைச்செல்வி மீனவக் குடும்பம். கல்யாணத்தன்று அவள் அப்பா ஊரறிய ஒரு சபதம் போட்டார். அவன் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன் என்று. ஆனால் மகள் மேல் பாசம் விடுமா? முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஞாயிறுதோறும் மொபெட்டில் வருவார். கீழே கேட்டில் மீன் பையை மாட்டிவிட்டு, ஹாரன் அடித்துவிட்டு, மகள் தலை தெரிந்ததும் கிளம்பிவிடுவார். என்னைப் பார்த்தால் வானத்தைப் பார்ப்பார். மாப்பிள்ளை என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. எனக்கு அது மனதை அறுத்தது. வெளியில் சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கலை உண்டானதும் மனிதர் கொஞ்சம் இளகினார். வரும் ஞாயிறு மேலே வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். சாப்பிடுவதாகச் சொல்லவில்லை. "எங்கப்பா வந்து ஒக்காந்துட்டுப் போனாலே பெருசு. நீ எதயாச்சும் பண்ணி வைக்காத" என்றாள் கலை. நான் கேட்பேனா?

என் கணக்கு இதுதான். தெரிந்த சாப்பாட்டைப் போட்டால் குறை கண்டுபிடிப்பார். தெரியாத சாப்பாட்டில் எப்படிக் குறை சொல்வார்? போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிக்கன் பார்மசான் கண்ணில் பட்டது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாம். கோழி நெஞ்சுக் கறியைத் தட்டி அகலமாக்கி, மைதாவிலும் முட்டையிலும் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து, மேலே தக்காளிச் சாறும் சீஸும் போட்டு ஓவனில் உருக்க வேண்டும். வீடியோவில் ஒரு அம்மாள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தாள். அந்தப் பாட்டுதான் என்னை ஏமாற்றியது.

ஞாயிறு காலை கலையைச் சமையலறைக்குள் வரக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்தேன். சோறு மட்டும் நான்தான் வடிப்பேன் என்று அடம்பிடித்து வடித்துவிட்டுப் போனாள். கறியைத் தட்டுவதற்குச் சுத்தியல் மாதிரி ஒன்று வேண்டுமாம். என்னிடம் இருந்தது அம்மிக் குழவி. நான் போட்ட போட்டில் கீழ் வீட்டு உரிமையாளர் அம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, யாரைக் கேட்டுச் சுவரை இடிக்கிறீர்கள் என்று கேட்டார். கோழி என்றேன். நம்பாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்தது ரொட்டித் தூள். புதுச்சேரியில் தடுக்கி விழுந்தால் பேக்கரி. ஒரு நீள ரொட்டி வாங்கிக் காயவைத்துப் பொடித்திருந்தால் முடிந்தது. ஆனால் நான் யோசிக்கிற ஆள் அல்லவா? ரொட்டி எதற்குக் காய வேண்டும், ஏற்கெனவே காய்ந்த ரொட்டிதானே ரஸ்க் என்று தோன்றியது. தெருமுனைக் கடையில் ஏலக்காய் ரஸ்க் ஒரு பாக்கெட் வாங்கி மிக்சியில் ஓட்டினேன். சமையலறை கல்யாண வீடு மாதிரி மணத்தது. ஆகா, இத்தாலி மணம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரஸ்க்கில் இருக்கும் சர்க்கரை எண்ணெயில் விழுந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. போட்ட வேகத்தில் கோழி கறுத்தது. பயந்துபோய் எடுத்துவிட்டேன். கறுப்பை மறைக்கத் தக்காளி சாஸைக் கவிழ்த்தேன். ஓவன் இல்லாததால் தோசைக்கல்லில் வைத்து மூடினேன். சீஸ் வழுக்கி இறங்கி, கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கரண்டியால் சுரண்டித் திரும்பவும் மேலே அப்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஹாரன் சத்தம். இந்தத் தடவை படியில் காலடிச் சத்தமும் கேட்டது. மாமனார் வழக்கம்போல மீன் பையோடு வந்தார். பையைக் கலையிடம் கொடுத்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க ஃபேனைப் பார்த்தார். நான் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். மனிதர் தொடவில்லை.

சரி, நாமே ஆரம்பித்துவைப்போம் என்று என் தட்டில் இருந்ததை வெட்டினேன். உள்ளே கோழி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். தன் தட்டிலிருந்து மேல்தோல் ஒரு துணுக்கைக் கிள்ளி, விரலில் நசுக்கி, நாக்கு நுனியில் வைத்தார்.

"இது ரஸ்க்காச்சே. டீக்கடை ரஸ்க்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்தார். போய்விட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ளத்தாச்சி பொண்ணுக்கு இந்தப் பச்சக் கறியவா குடுக்கப் பாத்தீங்க? அருவாமனை எங்க இருக்குது மாப்ள?"

நான் அருவாமனையைத் தேடவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கலைதான் என்னை இடித்து உள்ளே தள்ளினாள். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சங்கரா மீனை அரிந்தார். நான் புளி கரைத்தேன். அடுப்பங்கரை முழுக்கச் செதில் பறந்தது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவருக்கும் சமைக்க வராது. வீட்டில் அவர் அடுப்பு பற்றவைத்ததே இல்லையாம். படகில் கூட வருகிறவர்கள்தான் பொங்குவார்களாம். அவர் வைத்த குழம்பு கடலைவிட உப்பு, அதற்கு மேல் காரம். கலை ஒரு வாய் வைத்துவிட்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி தண்ணீர் குடித்தாள். எப்படி இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்டார். பிரமாதம் மாமா என்று சொல்லி இரண்டாம் சோறும் வாங்கிக்கொண்டேன். அவரும் வயிறாரச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது கலை மெதுவாகக் கேட்டாள், சபதம் என்னாச்சு என்று.

"சோறு நீ வடிச்சது. மீனு நான் புடிச்சது. அவுரு வீட்டு சாப்பாட்ட எங்க நான் சாப்ட்டேன்?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இதே கதைதான். மீனோடு வருவார், எங்கள் வீட்டிலேயே குழம்பு வைப்பார், சாப்பிடுவார், சபதம் அப்படியே இருக்கிறது என்பார். அன்று கிள்ளித் தின்ற துணுக்கு என்ன கணக்கு என்று நான் கேட்பேன். அது ருசி பார்த்தது, சாப்பிட்டதில் சேராது என்பார். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வழக்கில் தாத்தாவுக்கு வக்கீல் அவள்தான்.

ஆடிக்கு விருந்துக்குக் கூப்பிட்டால், வீராம்பட்டினத்தில் என் இலையில் உப்புக்கு முன்னால் ஒரு ஏலக்காய் ரஸ்க் விழும். வைப்பவர் மாமனார். பந்தியே சிரிக்கும். போன ஆடியிலும் வைத்தார். "சாப்புடுங்க மாப்ள. உங்க வீட்டுப் பலகாரம்" என்றார். நான் உடைத்தேன். அவர் சாதாரணமாகக் கையை நீட்டி, என் இலையிலிருந்து பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். கலை என்னைப் பார்த்தாள். வக்கீலும் பார்த்தாள். சபதத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.