மூன்று பிரவுசரும் ஒரு பொத்தானும்

மாப்பிள்ளைக்கு மாமாவின் அன்பும் ஆசியும். இங்கே நான் சுகம். வலது கண்ணைத் தவிர உங்கள் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தை மகள் தினமும் போனில் சொல்லிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை, குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். அத்தையின் கண்புரை ஆபரேஷனுக்கு மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் படிவம் நிரப்பித்தான் தேதி வாங்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வாங்காவிட்டால் அப்புறம் மூன்று மாதம் ஆகும். முப்பது வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவனுக்கு ஒரு படிவம் என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். பட்டம் படம் போட்ட பிரவுசரில் எல்லாவற்றையும் நிரப்பினேன், அனுப்பும் பொத்தானைக் காணோம். பக்கத்து வீட்டு வாத்தியார் சக்கரம் படம் போட்ட இன்னொன்றை ஏற்றிக் கொடுத்தார். அதில் பொத்தான் ஜம்மென்று இருக்கிறது, ஆனால் பிறந்த தேதிக் கட்டம் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. சரியென்று பறவை படம் போட்டதற்குப் போனேன். கட்டம் திறந்தது, பொத்தானும் இருந்தது, அமுக்கினால் 'பட்டத்தில் வந்து பாருங்கள்' என்கிறது! சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைதான். இதற்கு நடுவில் மூன்றும் மாற்றி மாற்றி, 'என்னையே முதன்மையாக வைத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்டு உயிரை வாங்கின. மருத்துவமனைக்குப் போன் போட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "எந்த பிரவுசர்ல பாக்கறீங்க ஐயா?" என்றது. "எல்லாத்துலயும்தாம்மா" என்றேன். "எங்களுக்கு இங்க நல்லாத்தான் வருது" என்று வைத்துவிட்டது.

அப்போதுதான் மகள் உங்கள் வேலையை விளக்கிச் சொன்னாள். எல்லா பிரவுசர்க்காரர்களும் ஒரே விதிப்படி பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று கமிட்டி போட்டுப் பேசுகிறீர்களாமே! போன வருஷம் நான், "ஒரு பொத்தானுக்கு ஆறு மாசப் பேச்சா?" என்று சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், தப்பு என்னுடையது. இப்போது தூக்கம் வராத அளவுக்குக் கேள்வி வருகிறது. போட்டிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பார்களா? நிறைய ஜனம் கையில் இருக்கிறவன் மற்றவன் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? குழாய் முனையில் வெட்டுகிற திருகு மரை எல்லாக் கடையிலும் ஒரே அளவாக இருந்தால்தானே, எந்தக் கம்பெனிக் குழாயும் எந்த வீட்டிலும் ஏறும்? அளவு ஒன்றாக இருக்கட்டும், போட்டியைக் குழாயின் தரத்தில் காட்டட்டும். ஊரைச் சிக்க வைத்துப் பிழைப்பது ஒரு பிழைப்பா? இதை நான் சொன்னதாகவே கமிட்டியில் சொல்லுங்கள். அத்தைக்கும் உடனே, கடிதம் கண்ட அன்றைக்கே, தேதி வாங்கிக் கொடுங்கள்.

நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், ஒரே பிரவுசரில் எல்லாம் திறந்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: இதை உறையில் போடும்போது சமையலறைக் குழாய் பீய்ச்சியடித்தது. எனக்குக் கை நடுக்கம் என்பதால் புது பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் பார்த்துவிட்டு, "யாரு சார் இந்த மரையை வெட்டினது? கடையில விக்கிற எதுவும் இதுல ஏறாது. செஞ்ச ஆளையே கூப்பிடுங்க" என்று போய்விட்டார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மரை வெட்டும் என் அச்சைக் கொஞ்சம் மாற்றித்தான் வைத்திருந்தேன். அதனால்தான் முப்பது வருஷமும் தெருவே என்னை மட்டும் கூப்பிட்டது. கமிட்டியில் என் பேச்சை எடுக்க வேண்டாம். அத்தை வாளியை வைத்துவிட்டு, "கண்ணு சரியாகட்டும், முதல்ல உங்களைத்தான் நல்லாப் பாக்கணும்" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது மாப்பிள்ளை, பதறாமல் செய்யுங்கள்.