மருமகனின் துவக்கில் பூட்டிய சிவப்பு வெளிச்சம்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
2006 மாசி 26, ஞாயிறு

மதிப்புக்குரிய சம்பந்தி பேனாட் அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் என் மனைவி சிசிலியும், மகள் றெபேக்காவும், உங்கள் மகன் றெனோல்டும் இந்தப் பனிக்குள்ளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சம்பந்தியம்மாவும் பேர்கனில் மூத்த மகள் வீட்டில் அதே சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டுகிறேன். இது அல்பேட் தன் கையால் எழுதுவது. இதுவரை என் பெயரில் வந்த கடிதங்கள் எல்லாம் றெபேக்கா எழுதியவை. நான் பக்கத்தில் இருந்து சொன்னேன், அவள் தனக்குப் பிடித்ததை எழுதினாள். கோயில் மண்டபத்தில் புஷ்பவதி ரீச்சர் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் எழுபத்தோராம் வயதில் எழுதப் பழகினேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் போகிறது. இவ்வளவு பாடுபட்டு எழுதுவதால் எதையும் சுருக்குவதாக இல்லை.

விஷயம் என்னவென்றால், உங்கள் மகன் துவக்கு வாங்கியிருக்கிறார். பயப்படாமல் கதிரையில் இருந்து மிச்சத்தையும் வாசியுங்கள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி மருமகனின் முதுகு கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். இனிப் பாரம் தூக்கினால் நிமிரவே மாட்டீர் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் கவச வண்டியில் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். இடுப்பில் துவக்கோடு வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற வேலை, முதுகுக்கு மருந்து போன்றது. எழுத்துச் சோதனை பாஸ், ஓட்டச் சோதனை பாஸ், சுடுகிற சோதனையில் மட்டும் விழுந்துபோனார். காகிதத்தில் கீறிய மனிதனின் நெஞ்சில் சுட வேண்டும். மருமகனின் ரவை அத்தனையும் அவனுடைய முழங்காலில் போயிருக்கிறது. சோதித்தவர், “என்ன, இவனை முழந்தாள்படியிட வைக்கப் பார்க்கிறீரா?” என்று கேட்டாராம். இன்னும் ஒரேயொரு தடவைதான் விடுவார்கள், அதுவும் மூன்று மாதத்தில். அதிலும் விழுந்தால் திரும்ப டோர்வல், திரும்பப் பெட்டி.

ஆகவே மருமகன் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, அனுமதிப் பத்திரம் எல்லாம் எடுத்து, பழகுவதற்கென்று சிறிய கைத்துவக்கு ஒன்று வாங்கினார். துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்த குடும்பம் பத்திரம் எழுதிக் கேட்டுத் துவக்கு வாங்குகிறதே என்று சிசிலி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ரவை வீட்டுக்கு வராது, கழகத்திலேயே இருக்கும், துவக்குப் பெட்டிக்கு இரண்டு பூட்டு என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் சோறு போட்டாள். அந்தக் கழகத்தில் ஒருவர் சொன்னாராம், துவக்கில் லேசர் வெளிச்சம் ஒன்றைப் பூட்டிக்கொண்டு வெறும் துவக்கின் விசையை இழுத்துப் பாரும், கை எங்கே பிழை விடுகிறது என்று சுவரிலே புள்ளி காட்டித் தரும் என்று. சோதனைக்கு அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வீட்டில் பழக நல்லது.

அதை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் “பொன்ஜூர்” என்று சொல்லி மூன்று விதமான லேசரைக் கண்ணாடிக்கு மேலே வைத்தார். முதலாவது துவக்கின் உள்ளே போகிற வகை. அதைப் பூட்ட முழுத் துவக்கையும் கழற்ற வேண்டும், எங்கள் வீட்டில் கழற்றிய எதையும் திரும்பப் பூட்டியது கிடையாது என்று வேண்டாம் என்றேன். இரண்டாவது கைப்பிடியோடு சேர்ந்தது. பிடித்தவுடன் எரியும், நல்ல சாமான்தான், ஆனால் மருமகனின் விரல் சரியாக வெளிச்சம் வருகிற ஓட்டையை மூடிக்கொண்டது. மூன்றாவது குழலுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தில் செருகி ஒரு திருகாணியால் இறுக்குகிற வகை. அதிலே சிவப்பும் உண்டு, பச்சையும் உண்டு. பச்சை பகலிலும் நன்றாகத் தெரியுமாம், ஆனால் குளிரில் சோர்ந்துபோகுமாம், பற்றரியையும் தின்னுமாம். மொன்றியலில் இருந்துகொண்டு குளிரில் சோருகிற சாமானை வாங்குவதா? சிவப்பையே எடுத்தோம். சின்னத் துவக்கு என்றபடியால் லேசர் குழலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. “பாக்க வடிவில்லை மாமா” என்றார் மருமகன். “தம்பி, கலியாணவீட்டுக்கே கொண்டு போகப்போறியள்?” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் துவக்கில் ரவை இல்லை என்று மூன்று பேர் பார்த்தோம். சிசிலி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் தரமும் பார்த்தாள். பற்றரி போட்டது நான். மருமகன் லேசரைச் செருகி இறுக்கினார். லேசரில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருக்கின்றன, ஒன்று புள்ளியை மேலே கீழே நகர்த்த, மற்றது இடம் வலம் நகர்த்த. துவக்கை அசையாமல் வைத்து, அதன் மேலுள்ள குறியால் ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு, புள்ளி அதே அடையாளத்தில் விழும்வரை திருக வேண்டும். எங்கள் இரண்டு அறை வீட்டில் வெறுஞ்சுவர் என்றால் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே உள்ள முழத்துண்டுதான். அங்கே நான் காகிதத்தில் பேனையால் சிலுவைக் குறி போட்டு ஒட்டினேன். துவக்கைத் தலையணைகளுக்கு நடுவே வைத்து, மின்குமிழை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டார் மருமகன்.

“மாமா, விழுது! ஆனா மேல விழுது, படத்தில விழுது” என்றார். நானும் பார்த்தேன், கண்ணாடிச் சட்டத்தில் அழகான சிவப்புப் புள்ளி. “கீழ இறக்குங்கோ தம்பி” என்றேன். திருகினார், இறங்கவில்லை. இன்னும் திருகினார். திருகாணி முடியுமட்டும் திருகிவிட்டு மற்றத் திருகாணியில் தொடங்கினார். அந்தப் புள்ளி ஆண்டவருடைய நெஞ்சை விட்டு நூலளவும் அசையவில்லை. “சாமான் பிழை, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்” என்று மருமகன் குதிக்க, நான் “பொறுங்கோ, துவக்கைத் தட்டிப் பாப்பம்” என்று தட்ட, முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. அப்போது சிசிலி வந்து, “இருட்டுக்குள்ள ரெண்டு பேரும் என்ன கூத்து? இந்த விளக்குச் சூடேறிக் கிடக்கு” என்று படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கை அணைத்தாள். புள்ளி காணாமல் போனது. “ஐயோ, லேசர் செத்துப்போச்சு!” என்று கத்தினார் உங்கள் மகன்.

சம்பந்தி, இருபது வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்த விளக்குக்கு முன்னால் நின்று செபமாலை சொல்கிறோம், பார்த்துப் பழகி அது எரிவதே கண்ணில் படுவதில்லை. படத்தின் கண்ணாடியில் பட்டுத் தெரிந்தது அதன் வெளிச்சம். லேசர் எரியவே இல்லை. பற்றரியை நான் தலைகீழாகப் போட்டிருந்தேன். இதைக் கண்டுபிடித்ததும் றெபேக்கா சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்தில் இருந்துவிட்டாள்.

பற்றரியைத் திருப்பிப் போட்டுப் பத்து நிமிஷத்தில் புள்ளியைக் குறிக்குக் கொண்டுவந்தோம். அதன் பிறகுதான் உண்மையான வேலை. மருமகன் நின்று நீட்டிப் பிடிக்க, புள்ளி குறியில் நிற்கிறது. விசையை இழுக்க, புள்ளி ஒரு முழம் கீழே பாய்கிறது. ஒவ்வொரு தரமும் அப்படியே. முழங்காலின் இரகசியம் இதுதான். விரலை மாற்றினார், காலை அகட்டினார், மூச்சை அடக்கினார், புள்ளி பாய்வதை நிறுத்தவில்லை. ஒன்பது நாள் இப்படியே போயிற்று. மருமகனின் முகத்தில் டோர்வல் பெட்டிகள் தெரியத் தொடங்கின.

பத்தாம் நாள் நான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்றால் முணுமுணுப்புக் கேட்கிறது. “பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே, ஆமென்.” ஆமென் என்றதும் விசையை இழுக்கிறார். ஆமென் என்றதும் தலையும் குனிகிறது. தலையோடு தோள், தோளோடு கை, கையோடு துவக்கு. நம்முடைய ஆட்களுக்கு ஆமென் என்றால் தலை தானாகக் குனியும். உங்களுக்கும் குனியும், இப்போதே சொல்லிப் பாருங்கள்.

“தம்பி, செபத்தை விட்டுட்டுச் சுடுங்கோ” என்றேன்.

“ஏலாது மாமா. செபம் சொல்லாட்டி கை நடுங்குது.”

“செபத்தை விடச் சொல்ல நீங்கள் ஆர்?” என்று சிசிலி அகப்பையோடு வந்தாள். “துவக்கு வந்த வீட்டில செபமும் போறதோ?”

மூன்று பேரும் பலத்த சண்டை. றெபேக்காதான் தீர்த்துவைத்தாள். “நீங்கள் செபத்தை மட்டும் சொல்லுங்கோ. ஆமெனை நாங்கள் சொல்லுறம்.” அப்படியே செய்தோம். மருமகன் “பெயராலே” என்று நிறுத்த, குசினியிலிருந்து நாங்கள் மூன்று பேரும் “ஆமென்” என்றோம். விசை இழுபட்டது. புள்ளி இருந்த இடத்தில் இருந்தது. றெபேக்கா அழுதுவிட்டாள்.

சோதனை போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அவர் எந்த நிமிஷம் சுடுவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒன்பதிலிருந்து பத்து வரை விடாமல் “ஆமென், ஆமென்” என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். ஒருவர் தண்ணீர் குடிக்க மற்ற இருவர் சொன்னோம். மேல்வீட்டுக்காரி என்னவோ ஏதோவென்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. “மாமா, நெஞ்சில! அவ்வளவும் நெஞ்சில!” என்றார். பதிலுக்கும் என் வாயில் வந்தது ஆமென்தான். ஆனால் சிசிலிக்கு ஒரு மனக்குறை: மருமகன் அங்கே ஐம்பது ரவைக்கு ஐம்பது செபம் சொல்லி ஒன்றையும் முடிக்கவில்லையே என்று. இன்று பூசைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், முடியாமல் கிடந்த ஐம்பது ஆமெனையும் சொல்லவைத்துக் கூட்டி வந்தாள். தலை குனிந்து குனிந்து சொன்னார், பார்க்க நிறைவாக இருந்தது.

ஆகவே சம்பந்தி, உங்கள் மகனின் முதுகு தப்பியது. இனி அவர் பாரமே தூக்க வேண்டியதில்லை. சம்பந்தியம்மாவுக்கும் மகள் குடும்பத்துக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும். மாதா உங்கள் வீட்டுக் கூரையைப் பனியிலிருந்தும் உங்களைச் சளியிலிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
தன் கையாலேயே ஒப்பமிடும்
அல்பேட்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் மருமகன் வேலையில் முதல் நாள் முடித்து வந்துவிட்டார். கவச வண்டியில் நோட்டுக் கட்டுகள் கொஞ்சமாம், மிச்சம் எல்லாம் சில்லறைக் காசுப் பெட்டிகளாம். ஒவ்வொன்றும் விமான நிலையத்துப் பெட்டியைவிடப் பாரமாம், புதிதாக வந்தவர்தான் தூக்க வேண்டுமாம். முதுகுக்கு டொக்டர் ஒரு அகலப் பட்டி கொடுத்திருக்கிறார். அதைக் கட்டினால் துவக்குப் பட்டிக்கு இடுப்பில் இடம் காணாது. இரண்டில் எதை மேலே கட்டுவது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டிக் கட்டிப் பார்க்கிறார். ஆள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.