காகங்கள் அணியைத் தொடங்கியவர்

தலைவரே, சென்ற மாதம் நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் நீங்கள் சொன்னது பொய். காகங்கள் பேஸ்பால் அணியை நீங்கள் தொடங்கவில்லை. ஓடண்ணை தொடங்கினார்.

ஒஸ்லோவில் ஓடண்ணையிடம் ஏச்சு வாங்காத தமிழன் இல்லை. நோர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு கியூபாக்காரன் அவருக்குப் பேஸ்பாலைப் பழக்கிவிட்டான். பந்து கிடைக்காத நாளில் உறைந்த மீன் தலையை எறிந்து பழகினார்களாம். பிறகு ஒஸ்லோவில் எங்கள் குரோருட் பகுதிக்குக் குடிவந்ததும், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த எங்களைப் பிடித்து ஓர் அணியாக்கி, பேஸ்பால் போட்டிகளில் இருப்பதிலேயே கடைசிப் பிரிவில் சேர்த்துவிட்டார். கறுப்புச் சட்டை போட்டதால் காகங்கள்.

எங்களுக்கு அடிக்கத் தெரியும். அடித்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியாது. கிரிக்கெட்டில் விருப்பம் இருந்தால் ஓடலாம். பேஸ்பாலில் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். முதல் ஆட்டத்தில் பந்தைத் தட்டிவிட்டு, கையை உயர்த்திக்கொண்டு சிலைபோல நின்றவர் நீங்கள்.

"ஓடடா!"

"ரன் இல்லை அண்ணை, வேண்டாம்!"

"வேண்டாமெண்டு சொல்ல நீ ஆரடா? இதென்ன கலியாண வீட்டுச் சாப்பாடே? ஓடு!"

அந்த 'ஓடு' கத்தலில்தான் அவருக்கு ஓடண்ணை என்ற பெயர் வந்தது.

பிறகு ஓடினோம், மட்டையோடு. ஓடிச் சேரவேண்டிய முதல் தளத்தை, கிரிக்கெட் கோட்டைத் தொடுவதுபோல, மட்டையால் தொட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால் ஆட்டமிழப்பு.

"மட்டையைப் போட்டிட்டு ஓடுங்கோடா!"

"மட்டை இல்லாமல் என்னத்தாலை அண்ணை தொடுறது?"

"காலாலை! கடவுள் ரெண்டு தந்தவரெல்லோ!"

அடுத்த ஆட்டத்துக்கு உடுப்புக் காயப்போடும் கயிற்றோடு வந்தார். ஒரு முனையை மட்டையின் பிடியிலும் மறுமுனையைப் பின்வேலியிலும் கட்டினார். நீங்கள் அடித்தீர்கள், மட்டையோடு பறந்தீர்கள், கயிறு முடிந்த இடத்தில் மல்லாக்க விழுந்தீர்கள். நோர்வேஜிய நடுவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் மட்டையோடு ஓடியதே இல்லை. அந்தக் கோடையில் நாங்கள் வென்ற ஒரே ஆட்டத்தில் கடைசி ஓட்டம் உங்களுடையது. உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மைதானத்தைச் சுற்றினார்.

ஒவ்வொரு வருடமும் ஆட்டக்காலம் தொடங்குமுன் மைதானத்துப் பனியை அள்ள எல்லோரையும் டுக்நாட்டுக்குக் கூப்பிடுவார். சம்பளமில்லாத அந்தக் கூட்டு வேலைக்கு நீங்கள் ஒருநாளும் வந்ததில்லை.

விழாவில் "நான் தொடங்கிய அணி" என்றீர்கள். திரையில் போட்ட பழைய படத்தில், உங்கள் பக்கத்தில் நின்ற அவரை வெட்டி எறிந்திருந்தீர்கள். வெட்டவும் ஒழுங்காகத் தெரியவில்லை. உங்கள் தோளில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மண்டபத்துக் கதிரைகளை அடுக்கிவிட்டுக் கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் அண்ணை பேசாமல் நிண்டனீங்கள்?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"விடடா. பெடியன் அண்டைக்கு நல்லா ஓடினவன்."

அவர் விடலாம். நான் விடமாட்டேன். வரும் ஆண்டுக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: அந்தக் கை யாருடையது? அவரை நான் கூட்டிக்கொண்டு வருவேன். இப்போது அவருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள்.