மேல் தட்டு டின்னும் ஆறாவது சொல்லும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை அமோகமாக இருக்கிறாள். சங்கடமெல்லாம் எனக்குத்தான்.

என் வலது தோள் இறுகிப்போய், கையை மார்புக்கு மேல் தூக்க முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். சட்டை மாட்டிவிடக்கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடைசிவரை இப்படியே நின்றுவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். அந்தப் பயத்தில் யார் சொல்லியும் கையை அசைக்க மறுத்தேன். அப்போதுதான் நீங்கள் ஒரு பெரிய டின் வெண்ணெய் பிஸ்கட்டோடு வந்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் உங்கள் தங்கை அந்த டின்னைச் சமையலறை அலமாரியின் இரண்டாவது தட்டில் ஏற்றிவிட்டாள். “வலது கையால எட்டி எடுத்தீங்கன்னா முழுசும் உங்களுக்கு” என்றாள். ஸ்டூல் அன்றே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து உங்கள் தங்கையிடம் ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தது. தலைப்பு ‘ஆறு சொற்கள்’. என்னிடம் வந்து சேர்ந்தபோது இருந்தவை ஐந்து. அடியில் கத்தரித்த தடம் இருந்தது. அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தியவன் நான், இது கண்ணில் படாமல் போகுமா? அதைவிடக் கொடுமை, உங்கள் தங்கை எனக்கு உதவுவதாக நினைத்து ஐந்துக்கும் எதிரே ‘நீட்டுதல்’, ‘நீட்டுதல்’ என்று பொருள் எழுதியிருந்தாள்.

“எல்லாம் ஒண்ணுன்னா அஞ்சு வார்த்தை எதுக்கு?” என்று கேட்டேன். “செஞ்சு பாருங்க சார், வித்தியாசம் தானா தெரியும்” என்றது அந்தப் பெண். தெரிந்தது மச்சான், நன்றாகவே தெரிந்தது. முதல் சொல் எக்ஸ்டெண்ட், அதாவது மடங்கிக் கிடப்பதை நிமிர்த்தி நீட்டுவது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வாசலில் நின்று கையை நீட்டினேன். பத்து எண்ணும்வரை இறக்கக் கூடாது. நான்கு எண்ணுவதற்குள் கூரியர்காரர் பக்கத்து வீட்டு பார்சலை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்தது ஸ்ட்ரெட்ச், விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவதை இழுப்பது. ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து உங்கள் தங்கை கதவைத் திறந்தாள். பட்டை பழைய அளவுக்குத் திரும்பியது, வழியில் என் மூக்கு இருந்தது. லெங்தன் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நீளத்தைக் கூட்டுவது. விரல்களைச் சுவரில் நடத்தி, எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டேன். “வீட்டு ஓனர் பார்த்தா உங்களைத்தான் சுண்ணாம்படிக்கச் சொல்வாரு” என்றாள். எக்ஸ்பாண்ட் என்பது எல்லாப் பக்கமும் விரிவது. மூச்சை இழுத்து மார்பை விரித்ததில் என் நீலச் சட்டையின் பித்தான் தெறித்து எங்கோ போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஐந்தாவது புரொலாங், காலத்தை நீட்டுவது. கையைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், முப்பதுவரை அவள் எண்ணுவாள். இருபத்து மூன்றில் நீங்கள் போன் செய்வீர்கள். அண்ணனும் தங்கையும் அரை மணி நேரம் பேசுவீர்கள். பிறகு “எங்க விட்டேன்?” என்று கேட்டு அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விரல் நுனி டின்னைத் தொடும் நேரம் பார்த்து அதை ஒரு தட்டு மேலே ஏற்றிவிடுகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏற்றுவதற்கு முன் என் காதருகே ஒரு குலுக்குக் குலுக்குகிறாள். கேட்டால் “எட்டி எடுக்கணும்னுதான் சொன்னேன், எந்தத் தட்டுன்னு சொன்னேனா?” என்கிறாள். டின் இப்போது கடைசித் தட்டில் இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு நியாயம் கிடைக்காது. வாரந்தவறாமல் போனில் “டின் எட்டுச்சா மாப்பிள்ளை?” என்று அக்கறையாக விசாரிக்கும் ஒரே நல்ல மனிதர் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உங்கள் தங்கையைக் கண்டித்து, என் பிஸ்கட்டை எனக்கு வாங்கித் தர வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்கள் கை எட்டும் தூரத்திலேயே நல்லதெல்லாம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையால் நீட்டப்பட்டுவரும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். சும்மா கையைத் தூக்கிப் பார்த்தேன். டின் கைக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றேன், கண் கலங்கிவிட்டது. திறந்தால் உள்ளே ஒரு பிஸ்கட்கூட இல்லை. நிறையப் பழைய பித்தான்கள், அவற்றில் ஒன்று என் நீலச் சட்டையுடையது. கூடவே கத்தரித்த ஒரு துண்டுத் தாள். ஆறாவது சொல் ரீச். எதிரே அவள் கையெழுத்தில், ‘எட்டுதல். எட்டிட்டீங்க. இனிமே சட்டையை நீங்களே போட்டுக்கோங்க.’ பொருள் சரியாக இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை.

ஆகவே உங்கள் தங்கையைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். விசாரித்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. நீங்கள் அன்று கிளம்பும்போதே பிஸ்கட்டையெல்லாம் ஒரு பையில் கொட்டி உங்களிடமே கொடுத்தனுப்பிவிட்டாளாம். ஒன்று விடாமல் தின்றுவிட்டுத்தான் வாராவாரம் “எட்டுச்சா” என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். உங்களுக்காகப் புது பிஸ்கட் டின் வாங்கி, என் வலது கையாலேயே பரணில் வைத்திருக்கிறேன். நீங்கள் என்னைவிட அரையடி குட்டை என்பது நினைவில் இருக்கிறது. பழகிக்கொண்டு வர வசதியாக ஐந்து சொற்கள் உள்ள தாளை இத்துடன் அனுப்புகிறேன். ஆறாவதை நான் வைத்துக்கொள்கிறேன்.