பரமரின்ர ஜாக்கெட்டும் ஒன்பது வருசக் கோவமும்

சனிக்கிழமை பின்னேரம் ஐஸ் ஹொக்கி பாக்கப் போனன். உலக நாடுகள் எல்லாம் வந்து விளையாடுற பெரிய போட்டி. அண்டைக்குக் கனடாவும் பின்லாந்தும்.

எனக்கு ஹொக்கி தெரியாது. இங்க கனடாவில, சென் ஜேம்ஸ் ரவுணில இருந்து முப்பது வருசமா இந்தப் பனியைப் பாக்கிறன். வழுக்கி விழாமல் பஸ்சுக்குப் போய்ச் சேருறதே எனக்குப் பெரிய போட்டிதான். ரெக்ஸ்டேலில இருக்கிற என்ர சிநேகிதர் பரமருக்கு அவற்றை மகள் மூண்டு ரிக்கெற் எடுத்துக் குடுத்திருந்தா. வாறீரோ எண்டு கேட்டார். ஓம் எண்டன்.

மூண்டாவது ஆள் ஆர் எண்டு கேக்காமல் விட்டது என்ர பிழை.

யூனியன் ஸ்ரேசனில இறங்கினால், பரமருக்குப் பக்கத்தில தருமர் நிக்கிறார். ஸ்ரௌவ்வில்லில புது வீடு வாங்கிக்கொண்டு போன தருமர். எனக்கும் அவருக்கும் ஒன்பது வருசமாக் கதை பேச்சில்லை.

காரணத்தைச் சொல்லத்தான் வேணும். எங்கட ஊர்ச் சங்கத்தின்ர கோடை ஒன்றுகூடல். முதியோருக்குச் சங்கீதக் கதிரை. கடைசியா ஒரு கதிரை, ரெண்டு பேர். பாட்டு நிண்டது. நான் இருந்தன். பாதிதான் இருந்தன், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பாதிக் கதிரையும் கதிரைதானே? நடுவரா நிண்ட தருமர் விசிலை ஊதி, அவ்வளவு சனத்துக்கு முன்னால, "ராசநாயகம் அவுட்" எண்டார்.

வெண்ட ஆள் ஆர் எண்டு நினைக்கிறியள்? தருமற்றை மச்சான்.

அண்டைக்கு முடிவெடுத்தன். தருமர் வந்து முதல் வாய் திறக்கிற வரைக்கும் நான் அவரோட ஒரு சொல்லுக் கதைக்கிறதில்லை. அவரும் வீட்டை போய் அதே முடிவை எடுத்திருக்கிறார். எத்தினை கலியாண வீடு, எத்தினை செத்தவீடு. ரெண்டு பேரும் உறுதியா நிண்டம்.

ஸ்ரேசனிலயே திரும்பி வந்திருக்கலாம். திரும்பினால் அவர் வெண்ட மாதிரிப் போயிடும். அதால போனன்.

பரமரை நடுவில இருத்தி, நான் ஒரு பக்கம், தருமர் மற்றப் பக்கம். சொல்லவேண்டியதை எல்லாம் பரமருக்குச் சொன்னம். உவற்றை தொப்பி எனக்கு மறைக்குது, கழட்டச் சொல்லும் எண்டு நான் சொன்னன். தொப்பியைக் கழட்டினாலும் உவருக்குப் பந்து எங்க எண்டு தெரியாது எண்டு சொல்லும் எண்டு தருமர் சொன்னார். அது உண்மைதான். பந்தெண்டு அடிக்கிற அந்தக் கறுப்புச் சாமானை நான் கடைசி வரைக்கும் காணேல்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்ள அங்க போகேல்லை.

முதல் இடைவேளைக்குள்ளேயே பரமருக்குக் கழுத்து உளைஞ்சுபோச்சு. பாத்ரூம் போட்டு வாறன் எண்டு எழும்பினார். தன்ர பெரிய ஜாக்கெட்டைக் கதிரையின்ர முதுகில கொழுவி, தொப்பியை அதுக்கு மேல கவிட்டு வைச்சிட்டுப் போனார். தூரத்தில பாத்தால் ஒரு ஆள் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிற மாதிரி.

போன மனுசன் வரேல்லை. வாசலில செக்கியூரிற்றியா நிண்ட மன்னார்க்காரர் ஒருத்தரைக் கண்டு, அவற்றை தகப்பனைத் தெரியும் எண்டு கதை தொடங்கியிருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

தருமர் போய் ரெண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். ஒண்டு தனக்கு. மற்றதை ஜாக்கெட்டுக்கு முன்னால வைச்சு, ஜாக்கெட்டைப் பாத்துச் சொன்னார், "பரமர், இது உம்மட சிநேகிதருக்கு."

நானும் ஜாக்கெட்டைப் பாத்துத்தான் சொன்னன், எனக்கு வேண்டாம் எண்டு. அவற்றை கோப்பியைக் குடிச்சால் பாதித் தோல்வி.

கோப்பி ஜாக்கெட்டுக்கு முன்னால ஆவி பறந்துகொண்டு இருந்தது. விளையாட்டுத் திரும்பத் தொடங்கிற்று. கனடா ஒரு கோல் போட்டது. தருமர் ஜாக்கெட்டுக்கு விளக்கம் சொன்னார். நான் அது பிழை எண்டு ஜாக்கெட்டுக்குச் சொன்னன்.

எங்களுக்குப் பின்னால ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தா. மெதுவா என்ர தோளைத் தொட்டா. இது உங்கட சிநேகிதற்றை ஜாக்கெட்டோ எண்டு இங்கிலீசில கேட்டா. ஜெஸ் எண்டன். அவருக்கு ஹொக்கி விருப்பமோ எண்டு கேட்டா. வெரி மச் எண்டன். பிறகு நெஞ்சில கையை வைச்சு நீளமா ஏதோ சொன்னா. நான் எட்டாம் வகுப்போட நிண்டவன். ஐ ஆம் சொறி எண்டது மட்டும் பிடிபட்டது. காலால தட்டுப்பட்டிட்டாவாக்கும் எண்டு நினைச்சு, "நோ புரொப்ளம்" எண்டு சிரிச்சன்.

அம்மாவின்ர கண் கலங்கிற்று. தன்ர வரிசையில இருந்த ஆக்களுக்குக் குசுகுசு எண்டு சொன்னா. ஒரு ஆறடி மனுசன் தொப்பியைக் கழட்டினார்.

தருமர் ஜாக்கெட்டின்ர பக்கம் சரிஞ்சார். "பரமர், நீர் செத்துப்போனீராம். உம்மட நினைவா ஜாக்கெட்டையும் கோப்பியையும் வைச்சுக் கும்பிடுறமாம். உம்மட சிநேகிதர் ஜெஸ் எண்டு உறுதிப்படுத்திப்போட்டார்."



திரும்பி அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பாத்தன். நோ, நோ, ஹி பாத்ரூம் எண்டன். அவ என்ர கையைப் பிடிச்சுத் தடவினா. துக்கத்தில மனுசன் அலட்டுது எண்டு நினைச்சிருப்பா.

தருமருக்கு நல்ல இங்கிலீசு. முப்பது வருசம் ஒபிசில வேலை செய்தவர். ஒரு வசனத்தில முடிச்சிருக்கலாம். அவர் காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு கோப்பி குடிச்சார்.

நான் ஜாக்கெட்டுக்குச் சொன்னன், உவருக்கு இங்கிலீசு தெரியும் எண்டுதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறவர், இந்த அம்மாவுக்குச் சொல்லச் சொல்லும் எண்டு.

தருமர் ஜாக்கெட்டுக்குச் சொன்னார், "கேக்கிறவர் என்ர முகத்தைப் பாத்துக் கேட்டால் சொல்லுவன்."

அந்த நேரம் பாத்து அம்மா கையைக் காட்டிக் கமரா பிடிக்கிற பெட்டையைக் கூப்பிட்டா. ரெண்டாவது இடைவேளை. நிமிந்து பாத்தால் கூரையில தொங்கிற பெரிய திரையில நான். பக்கத்தில ஜாக்கெட், தொப்பி, ஆறிப்போன கோப்பி. அங்கால தருமர். கீழ இங்கிலீசில ஏதோ அஞ்சலி எழுத்து.

அரங்கு முழுக்க அமைதியாகிற்று. ஜாக்கெட்டைப் பாத்து, கெஞ்சிக் கேக்கிறன் எண்டு உவருக்குச் சொல்லும் பரமர் எண்டன். அதுவும் திரையில வந்தது. சனம் முழுக்க எழும்பிக் கைதட்டத் தொடங்கிற்று.

உயிரோட இருக்கிற ஒரு மனுசனுக்கு அஞ்சலி செய்யிற சனத்துக்கு முன்னால எவ்வளவு நேரம் இருக்கேலும்? ஒன்பது வருசத்தை ஒருக்கா நினைச்சன். கண்ணை மூடிக்கொண்டு தருமற்றை பக்கம் திரும்பினன்.

"தருமர், சொல்லும் ஐசே."

தருமர் கோப்பிக் கப்பை மெல்ல வைச்சார். வாயைத் துடைச்சார். "ஆர் முதல் கதைச்சது?" எண்டு கேட்டார்.

"நான்தான்."

"சரி" எண்டிட்டு எழும்பி, அம்மாவுக்கு இங்கிலீசில கனக்கச் சொன்னார். அம்மா முன்னையை விடக் கூட அழுதா. ஏன் எண்டு பிறகுதான் கேட்டறிஞ்சன். நாங்கள் ரெண்டு பேரும் ஒன்பது வருசம் கதைக்காதவை, இண்டைக்குத்தான் இந்தப் பரமரால கதைச்சம் எண்டு சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் பொய்யில்லை. பரமர் உயிரோட இருக்கிறார் எண்ட விசயத்தை மட்டும் கடைசியில சொல்லுவம் எண்டு வைச்சிருந்தவராம்.

கடைசிக்கு வர முதல் பரமர் வந்திட்டார். கையில உருளைக்கிழங்குப் பொரியல். ஏன் எல்லாரும் நிக்கினம், தேசிய கீதமோ எண்டு கேட்டுக்கொண்டு தன்ர கதிரையில இருக்கப் போனார்.

அம்மா குறுக்க கையை நீட்டினா. அங்க இருக்கக் கூடாது எண்டா. ஆறடி மனுசன், வெக்கமில்லையோ எண்ட மாதிரி ஏதோ உறுக்கினார். பரமர் தன்ர ஜாக்கெட்டை எடுக்கப் போக, மனுசன் அவற்றை கையைத் தட்டிவிட்டார். பொரியல் முழுக்கக் கீழ.

"சொல்லுங்கோவனப்பா" எண்டார் பரமர் எங்களைப் பாத்து.

நான் தருமரைப் பாத்தன். தருமர் கமராவைப் பாத்தார். கடைசியில அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, செத்தவர் இவர்தான் எண்டு அம்மாவுக்குச் சொன்னார்.

அம்மா சிரிக்கேல்லை. மூண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. பிறகு கண்ணைத் துடைச்ச லேஞ்சியை மடிச்சுக் கைப்பைக்குள்ள வைச்சா. அந்த மடிப்பை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன். மூண்டாம் பகுதி தொடங்க முதல் நாங்கள் வெளியில. ஆர் வெண்டது எண்டு இண்டைக்கும் தெரியாது.

இதோட முடிஞ்சிருந்தால் பரவாயில்லை. அங்க இருந்த ஆரோ ஒரு தமிழ் ஆள் அந்தத் திரையைப் போனில பிடிச்சு வட்சப்பில விட்டிட்டுது. பரமர் வீட்டை போய்ச் சேர்ந்த கையோட ரெக்ஸ்டேலுக்கு ரெண்டு குடும்பம் சோறு கறியோட வந்திட்டுது. கதவைத் திறந்த பரமரிட்டயே எத்தினை மணிக்கு உயிர் போனது எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

இப்ப தருமர் ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் எடுக்கிறார். பரமர் எங்கள் ரெண்டு பேரோடயும் கதைக்கிறேல்லை. நாங்கள் போய் முதல் கதைச்சால்தானாம்.

கோவத்தை வைச்சுக் காப்பாத்திறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும், பரமர் ஒரு கிழமை தாங்கமாட்டார்.